என் இமைக் கட்டியும் உங்களிடம் ஒரு வேண்டுகோளும்



ஆவணி பிறந்ததிலிருந்து ஃபோன் ஓயவில்லை. பழைய மாணவர்கள் சிலர் நேராகவே கேட்டார்கள்: "சார், உங்களுக்குக் கண்ணுல கேன்சராமே, நெசமா?" சிலர் நாரணாபுரத்தில் மழை உண்டா, கரண்ட் உண்டா என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசிவரை கேட்காமலே வைத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் என் வீட்டம்மாவிடம் தனியாக விசாரித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான், உங்களுக்குத் தெரியாததா?

ஆமாம், நிஜம்தான். இடது கண்ணின் கீழ் இமையில் நிணநீர்ப் புற்றுநோய். லிம்ஃபோமா என்பார்கள். ஆடி மாதம் சிகிச்சை முடிந்தது. பார்வை நன்றாக இருக்கிறது. இதை நானேதான் டைப் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

நலம் விசாரித்தவர்களுக்கு இது போதும். ஆனால் இதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். பட்டாசு ஆலையில் திரி வைக்கும் வேலை. அவளுக்கு வலது கண்ணின் மேல் இமை லேசாக இறங்கி, ஓரத்தில் ஒரு தடிப்பு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "சித்திரையிலிருந்து இருக்கு சார். வலி கிலி ஒண்ணும் இல்ல. தீவாளி கழியட்டும், காட்டிக்கிடுறேன்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. 'வலி இல்ல' என்பதுதான் அது. நானும் ஒரு வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கதையைச் சொல்கிறேன். போன வருஷம் கோடையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன், இடது கீழ் இமையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அமுக்கினால் வலிக்கவில்லை. சூட்டுக்கு வந்த கண்கட்டி என்று நினைத்தேன். வீட்டில் நாமக்கட்டியை உரைத்துப் போட்டார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினார்கள். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன், மறுப்புச் சொல்லாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கினேன். அதிலும் குறையவில்லை.

பிறகு ஒரு கிளினிக்குக்குப் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்தது. பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். அமுங்கியது. மூன்றாவது தடவையும் வந்தது, மூன்றாவது தடவையும் சாப்பிட்டேன். (எந்தக் கிளினிக் என்று யாரும் ஃபோன் செய்து கேட்க வேண்டாம். முதல் தடவை அவர் எழுதினார். அடுத்த இரண்டு தடவையும் வைத்தியம் பார்த்துக்கொண்டவன் நான்.)

தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் நர்ஸாக இருக்கும் என் மாணவி ஒருத்தி பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்து, "சார், ஒரு நிமிஷம் மேல பாருங்க" என்று என் இமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். "சார், இது சாதாரணக் கட்டி மாதிரி தெரியல. உள்பக்கமா படர்ந்து, கொய்யாப்பழத்து உள்சதை மாதிரி செவப்பா இருக்கு. மதுரைக்குப் போயிருங்க சார்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம். எட்டாம் வகுப்பில் அறிவியலில் ஐம்பதைத் தாண்டாத பிள்ளை எனக்குச் சொல்கிறதே என்று. இதைப் படிப்பாய் என்று தெரியும் அம்மா. அந்த மதிப்பெண்ணைத் திருத்தித்தான் போட வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனேன். நம் பக்கத்துக் கரிசல் மண்ணில், அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார் என்பதை, அதே 58-ல் ஓய்வு பெற்றுவிட்டுத் திண்ணையில் செய்தித்தாள் படிக்கிற நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்வேன். அங்கே இமைக்கும் கண்குழிக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. கண் டாக்டர் என்றால் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர், புரை எடுப்பவர் என்றுதானே நமக்குத் தெரியும்? இமைக்கென்று தனியாகப் படித்தவர்கள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கே அந்த அம்மா கேட்ட கேள்விகளில் ஒன்று: "ஸ்டீராய்டு ஏதும் சாப்பிட்டீங்களா?" இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னார். அட்டையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். நான் மூன்று தடவை முழுங்கியது அதுதான்.

இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்ஃபோசைட்டுகள். லிம்ஃபோமா என்பது அந்த அணுக்களே கட்டுப்பாடில்லாமல் பெருகுவது. ஸ்டீராய்டு அந்த அணுக்களைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும், அதனால் வீக்கம் வடியும். வடிந்ததும் நாம் குணமாகிவிட்டது என்று நினைப்போம். நோய் உள்ளேயே இருக்கும். அந்தச் சமயத்தில் சதை எடுத்துச் சோதித்தால்கூட இன்னதென்று தெளிவாகச் சொல்ல முடியாமல் போகலாம். அப்படித்தான் எனக்கும் ஆனது. மாத்திரையை நிறுத்தி, வீக்கம் மறுபடி தலைகாட்டும் வரை ஏழு வாரம் காத்திருந்து, பிறகுதான் சதை எடுத்தார்கள். நோயை வரவேற்க வாசலில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, இன்றைக்காவது வந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ கண் நோய்க்கு அது பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது. லிம்ஃபோமா சிகிச்சையிலேயே சில சமயம் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் இமையிலோ கண்ணைச் சுற்றியோ காரணம் தெரியாத வீக்கம் இருந்தால், அது என்னவென்று தெரியும் முன்னால் அதை விழுங்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால், "இது ஸ்டீராய்டா? சோதிக்காமல் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. என்னிடம் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஒருத்தரையாவது வெளியே நிற்க வைத்திருக்கிறேனா? (ஒருவனை வைத்தேன். அது வேறு காரணம்.)

சதை எடுப்பதைப் பற்றி. "கத்தி பட்டா பரவிரும்" என்று நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. எனக்கும் நாலு பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் பட்டதாரி. லிம்ஃபோமா ரத்த அணு சம்பந்தப்பட்ட நோய். கத்தி பட்டுத்தான் அது ஊர் சுற்ற வேண்டும் என்பதில்லை, அந்த அணுக்கள் பிறவியிலேயே ஊர் சுற்றிகள். கத்தி எடுப்பது ஒரு சிறு துண்டு, அந்தத் துண்டு இல்லாமல் எந்த டாக்டராலும் பெயர் சொல்ல முடியாது. இமையை மரக்க வைத்து, உள்பக்கமாகக் கீறி, உளுந்து அளவு எடுத்தார்கள். வெளியே தழும்புகூட இல்லை. அன்றைக்கே பஸ் ஏறி வீடு வந்துவிட்டேன். அந்தத் துண்டைச் சாயம் போட்டுப் பார்த்து, எந்த வகை அணு, எந்த வகை லிம்ஃபோமா என்று பிரிக்கிறார்கள். வகையைப் பொறுத்துத்தான் வைத்தியம். ஒரே பெயரில் பத்து ஆசிரியர்கள் இருந்தால், தலையெழுத்தைப் பார்த்தா அடையாளம் சொல்வீர்கள்? கையெழுத்தைப் பார்த்துத்தானே? அது மாதிரி.

எனக்கு வந்தது மால்ட் என்ற வகை. பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரண்டு பேர் 1983-ல் இதைத் தனி வகை என்று பிரித்துக் காட்டினார்கள். கண்ணைச் சுற்றி வருகிற லிம்ஃபோமாக்களில் இதுதான் அதிகம். மெதுவாக வளரும், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வரும், வலிக்காது. வேகமாக வளரும் வகைகளும் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் அபூர்வ நோய்தான். லிம்ஃபோமாக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் கண்ணைச் சுற்றி வருகிறது, அதிலும் இமையில் வருவது குறைவு. ஆனால் இமையில் வந்தால் உடம்பில் வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும். அதற்காக எனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். மஜ்ஜை எடுத்தது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். வேறெங்கும் இல்லை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது, அறிவியல் வாத்தியாரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் நிணநீர் மண்டலம் நடத்தும்போது, கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில் முடிச்சு முடிச்சாகப் பச்சைச் சாக்பீஸால் வரைவேன், ஞாபகம் இருக்கிறதா? இமையில் ஒரு முடிச்சும் வரைந்ததில்லை, ஏனென்றால் அங்கே இல்லை. பிறகு எப்படி அங்கே நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது? ஒரு இடத்தில் கிருமியோ ஒவ்வாமையோ தீராமல் உறுத்திக்கொண்டே இருந்தால், உடம்பு அங்கே படையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பல வருஷம் முகாம் போட்ட படையில் ஒரு கூட்டம் கட்டளைக்குக் கட்டுப்படாமல் தானாகப் பெருக ஆரம்பித்துவிடுகிறது. வயிற்றில் இது நிரூபணமானது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை ஆண்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்தால், வயிற்றில் வருகிற மால்ட் லிம்ஃபோமா பல பேருக்குத் தானாகவே கரைந்துவிடுகிறது. மாத்திரையில் கரைகிற புற்றுநோய்!

கண்ணுக்கும் அப்படி ஒரு கிருமி இருக்கிறதா என்று தேடினார்கள். 2004-ல் இத்தாலிக்காரர்கள், தாங்கள் சோதித்தவற்றில் பத்துக்கு எட்டு கண் லிம்ஃபோமாவில் ஒரு கிருமியின் தடயம் இருப்பதாகச் சொன்னார்கள். கிளமைடியா சிட்டாசி, கிளி முதலான பறவைகளிடமிருந்து மனிதனுக்கு வருவது. இதைப் படித்ததும் என் வீட்டம்மா, "சின்ன வயசுல கிளி வளத்தீங்கள்ல?" என்று கேட்டுவிட்டாள். கிளி ஜோசியக்காரர்கள் பயப்பட வேண்டாம். கொரியாவிலும் அது நிறையக் கிடைத்தது, அமெரிக்காவில் தேடினால் கிடைக்கவே இல்லை என்கிற அளவு. ஊருக்கு ஊர் வேறு. சிலருக்கு டாக்சிசைக்கிளின் கொடுத்தே சுருங்கியிருக்கிறது. எனக்கு அது கொடுக்கவில்லை.

"மருந்து வேலை செய்யிற ஊர்ல இருந்தா இதெல்லாம் வரத்தான செய்யும்" என்று சாத்தூரிலிருந்து ஒரு அண்ணாச்சி சொன்னார். இல்லை. கண் லிம்ஃபோமாவுக்குப் பட்டாசு மருந்துதான் காரணம் என்று யாரும் நிரூபித்ததில்லை. நான் அந்த வேலை செய்தவனும் இல்லை. ஆனால் நம் ஊருக்கும் இதற்கும் வேறு மாதிரி ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் பகுதியில் கண் நோய் என்றால் இரண்டுதான்: ஒன்று விபத்து, இன்னொன்று புரை. விபத்தென்றால் ஆம்புலன்ஸ், புரையென்றால் முகாம். இரண்டுக்கும் நடுவில் கண்ணில் எது வந்தாலும் தூசி, இல்லாவிட்டால் சூடு. அலுமினியப் பவுடர் அப்பிய முகத்தோடு வீடு திரும்புகிறவர்களுக்குக் கண் சிவப்பதும் உறுத்துவதும் புதிதா? அதில் புதிதாக ஒரு தடிப்பு வந்தால் யார் கவனிப்பார்கள்? அது வலிக்கவும் இல்லையென்றால்?

அதோடு, எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சோறு. மதுரைக்குப் போய்வர ஒரு நாள், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள். வலிக்காத ஒன்றுக்காக இரண்டு நாள் கூலியை விட மனம் வருமா? அவள் தீபாவளி கழியட்டும் என்று சொன்னதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் என் வாதம். ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழியாகவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காக லீவு போட்ட நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கேட்டு வாங்கலாம். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்க்கு அதைவிடக் கூடுதலாகவும் உண்டு. பிடித்தம் இல்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, கதிர்வீச்சுக்கும் அது செல்லும். இரண்டும் இல்லையென்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள். என்னிடம் படித்தவர்களில் கலெக்டர் ஆபீஸில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தருக்காவது என் மேல் பயம் மிச்சம் இருக்கும்.

இருக்கன்குடிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆத்தாளுக்குக் கண்மலர் சாத்துவதாக என் வீட்டம்மாவும் நேர்ந்திருந்தாள். வைப்பாற்றங்கரையில் நின்று நானும் கும்பிட்டேன். வயனம் காத்துக் குணமானோம் என்பவர்களோடு சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. சாத்தூரிலிருந்து மதுரைக்கும் பஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இமையில் வருகிற கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை, இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலையில் ஐம்பது பேர் கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலானவை இமையில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வருவதுதான். வெந்நீர் ஒத்தடத்தில் சில வாரத்தில் வடிந்துவிடும். ஆனால் அதே எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற இன்னொரு புற்றுநோய் உண்டு. மேல்நாட்டில் அபூர்வம், இந்தியாவில் இமைப் புற்றுநோய் என்றால் அது அடிக்கடி தென்படுகிறது. பார்ப்பதற்குச் சாதாரணக் கட்டி மாதிரியே இருக்கும், எடுத்தாலும் அதே இடத்தில் மறுபடி வரும், அந்த இடத்தில் இமைமுடி உதிரும். என்னுடையதைவிட அது பொல்லாதது, காத்திருக்காது.

எனவே ஒரு யோசனை. நம் ஊரில் வீட்டுக்கு நாலு காலண்டர் தொங்குகிறது, உலகத்துக்கே அச்சடிக்கிறவர்கள் நாம். இமையில் கட்டி வந்த அன்றைக்குத் தாளில் ஒரு வட்டம் போடுங்கள். நாற்பது தாள் கிழித்த பிறகும் கட்டி அங்கேயே இருந்தால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் கண் டாக்டரிடம் போங்கள். போய் வந்த கட்டி அதே இடத்தில் திரும்பினால் தாளே எண்ண வேண்டாம். கண் முன்னால் தள்ளினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே புறப்படுங்கள்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நான் பயந்தேன். கட்டி முழுவதையும் அறுத்து எடுக்கக்கூட இல்லை. கதிர்வீச்சு மட்டும். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் ஒற்றி, ஆடாமல் இருக்க ஒரு முகமூடி செய்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தினமும் சில நிமிஷம். ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 12 நாள், மொத்தம் 24. சனி ஞாயிறு லீவு, பள்ளிக்கூடம் மாதிரி. இப்போது சில இடங்களில் இரண்டே நாளில் 4 கிரே கொடுத்துப் பார்த்து, பலருக்கு அதுவே போதும் என்கிறார்கள். நோய் வேறிடத்திலும் இருந்தால் ரிட்டுக்சிமாப் என்ற ஊசி. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 2007-லிருந்து இந்தியாவிலேயே தயாராகி விலை இறங்கியிருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. இமைமுடி கொஞ்சம் உதிர்ந்தது, கண் வறண்டுபோய் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, சொட்டு மருந்து விடுகிறேன். கதிர்வீச்சால் சில வருஷத்தில் புரை விழலாமாம். எனக்குத்தான் ஏற்கெனவே புரை எடுத்தாகிவிட்டதே, அந்த வகையில் முந்திக்கொண்டேன். ஒரே இடத்தில் நிற்கிற மால்ட் வகைக்கு இப்படிக் கொடுத்தால் அந்த இடத்தில் அடங்காமல் போவது அபூர்வம். பத்து வருஷம் கழித்துக்கூட வேறு இடத்தில் தலைகாட்டலாம் என்பதால் ஆயுசுக்கும் செக்கப் உண்டு. அதுவரை நான் இருப்பேன் என்று டாக்டர் நினைப்பதே சந்தோஷம்தான்.

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கு. என் மருமகளுக்கு, தங்கை மகளுக்கு, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கேன்சர்னு வெளிய தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போகும், கண்ணுல சின்ன ஆபரேஷன்னு சொல்லிருங்க அத்தான்" என்று மைத்துனர் கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் அப்படித்தான் சொன்னேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பெண்ணைப் பெற்றவர். ஆனால் இனிமேல் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை, மன்னிக்கணும். இது தொத்துநோய் இல்லை. தாய்மாமனுக்கு வந்ததால் மருமகளுக்கு வரும் என்கிற நோயும் இல்லை. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்கென்று ஆஸ்பத்திரி தொடங்கியது 1954-ல். அவர் தங்கையே இந்த நோயில் போனவர். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் இன்னும் அந்தப் பெயரைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்கிறோம். மாமன் கண்ணில் வந்ததைக் கேட்டுப் பின்வாங்குகிற சம்பந்தம், நாளைக்கு நம் பிள்ளைக்கு ஒன்றென்றால் எப்படி நிற்கும்? இதைப் பெண்ணிடமே கேட்டேன். "எழுதுங்க மாமா" என்றாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நான் மறைத்ததால் என்ன ஆனது தெரியுமா? ரேஷன் கடையில் அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் கண்கட்டி வந்துச்சாமே சார், சின்ன ஆபரேஷன்லயே சரியாயிருச்சாமே. அப்ப எனக்கும் மெதுவா பாத்துக்கிடலாம்ல?" என்று கேட்டாள். அந்த இடத்தில்தான் நிஜத்தைச் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுக்கு வந்திருப்பது வெறும் சுரப்பி அடைப்பாகவே இருக்கலாம். இருக்க வேண்டும். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். ஃபோர்மேன் ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டார், அவரும் நம் மாணவர்தான், அவருக்கும் என் நன்றி. வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு மதுரையில் செக்கப். காலை ஐந்தரை மணிக்குச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறுகிறோம்: நான், என் வீட்டம்மா, அவள், அவளுடைய மாமியார். இமையில் கட்டியை வைத்துக்கொண்டு தீபாவளியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அதே பஸ்ஸில் வந்துவிடுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இட்லி வீட்டம்மா கட்டிக் கொண்டுவருகிறாள், எத்தனை பேர் என்று திங்கள் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது.